அரை மணியில் போகும் வீடுகள்

மார்ச் 4
ஆய்வு அலுவலகத்தில் புது வேலை: எந்த வட்டாரத்தில் இனவெறி அதிகம் என்று அளப்பது. வாடகை விளம்பரம் கொடுத்தவர்களிடம் முதலில் நான் போனில் பேசி, வீடு காலியா என்று கேட்பேன். அரை மணி கழித்து அதே வீட்டை என்னோடு வேலை பார்க்கும் 'மாப்பிள்ளை' கேட்பான். கசங்காத சட்டை போடுவதால் அலுவலகம் வைத்த பெயர். வேற்று இனத்தான், வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். ஐம்பது வயதில் என் தொண்டைக்கு முதல் சம்பளம். "வீட்ல பேசுறதுக்கும் அவங்களே குடுத்துடலாம்" என்கிறாள் மனைவி.

மார்ச் 11
வடக்கு வட்டாரத்துக்காரர்கள் மாப்பிள்ளையிடம், "உங்க ஆளுங்களுக்குக் குடுக்கிறதில்ல" என்று பட்டென்று போனை வைத்துவிடுகிறார்கள். நம் வட்டாரம் தங்கம். "அடடா, இப்பத்தான் ஒருத்தர் முன்பணம் குடுத்துட்டுப் போறாரு தம்பி!" ஒருவர் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டாராம்.

மார்ச் 12
மாப்பிள்ளை நிஜமாகவே வீடு தேடுகிறான்! அடுத்த மாதம் மனைவியும் கைக்குழந்தையும் வருகிறார்கள். இருப்பதோ நாலு பேர் படுக்கும் அறை. ஆய்வுக்குக் கேட்கும்போதே தனக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறான்.

மார்ச் 20
கூட்டம். முகத்திலடித்த மாதிரி சொன்னால்தான் கணக்கில் 'மறுப்பு'. மற்றதெல்லாம் 'வீடு காலியில்லை'யாம். எழுந்தேன்.
"எனக்கு மட்டும் காலியா இருந்துச்சே சார்?"
"அரை மணியில போயிருக்கலாம்ல?" என்றார் இயக்குநர். "மரியாதையாப் பேசுறவங்கள எப்படிங்க வெறியன்னு எழுதுறது?"
"எல்லா வீடுமா சார் போகும்?"
"வளர்ற ஊருங்க!"
ஒரே சிரிப்பு. அலுவலகத்தில் சிரிக்க வைப்பது என் வேலை என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான் — காலி டம்ளரில்.

மார்ச் 27
முடிவு: இனவெறி மிகக் குறைவு, நம் வட்டாரம். மிக மோசம், வடக்கு. கேக் வெட்டினார்கள். மாப்பிள்ளை வடக்குக் கிளைக்கு மாற்றல் வாங்கிவிட்டான்.
"அங்கயாடா போற, கிறுக்கா?"
"அங்க இல்லன்னா இல்லன்னுடுவாங்கண்ணே. அடுத்த வீட்டப் பாத்துட்டுப் போயிடலாம். இங்க நம்பி நம்பியே மாசம் போயிருச்சு."
சே.

ஏப்ரல் 9
மாப்பிள்ளை போனில் பேசினான். நிறையப் பேர் விரட்டினார்களாம். கடைசியில் ஒரு அம்மா சாவியைக் கொடுத்துவிட்டாராம். பின்னால் குழந்தை வீறிட்டது. நல்ல விசாலமான வீடு போல, எதிரொலித்தது.

ஏப்ரல் 15
அரிப்பு தாங்கவில்லை. 'சாப்பிட்டாயா' வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.
"வாங்க சார், காலியாத்தான் கெடக்கு. நல்ல ஆளா வரட்டும்னு வச்சிருக்கேன்."
நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயாராக வைத்திருந்தேனே — எங்கே போயின?
"அடடா, இப்பத்தான் சார் வேற வீட்டுக்கு முன்பணம் குடுத்தேன்" என்றேன்.
"பரவால்லைங்க. சாப்பிட்டீங்களா?"
"ஆச்சு சார். நீங்க?"