கயிறு கட்டிய குச்சி

மார்ச் 3
சாப்பிடும்போது அண்ணன் சொன்னான், தண்ணீர் கேட்கிற மாதிரி: "ஞாயித்துக்கிழமை முன்பக்கம் சிமெண்டு போடறோம். கார் வருது." அங்கே செம்பருத்தி இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள் என்று பார்த்தேன். அம்மா சோறு போட்டாள். எனக்குக் கேள்வி தொண்டை வரை வந்தது. சோற்றோடு விழுங்கிவிட்டேன்.

அந்தச் செடியை ஒட்டிய படியில் உட்கார்ந்துதான் மூன்று வருஷமும் படித்தேன். உள்ளே இடமில்லை. இந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். எனக்கென்று இருந்தது அந்தப் படியும் நிழலும்தான்.

மார்ச் 5
செம்பருத்தியிலிருந்து பென்சில் கனத்தில் ஆறு குச்சி வெட்டினேன். மேலே நேராக, கீழே சாய்வாக — தலைகீழாக நட்டுவிடக் கூடாதே. தொட்டி மண்ணில் மணல் கலந்து நட்டு, அடி நறுக்கிய பாட்டிலைக் கவிழ்த்து மூடினேன். "செடிக்கு ஐ.சி.யூ.வா?" என்றான் அண்ணன். அம்மா சிரித்தாள். அதுதான் எரிகிறது.

மார்ச் 8
வெட்டிவிட்டார்கள். படியையும் இடித்தாயிற்று. கொத்தனார் அந்தக் கிளைகளையே சீவி, மூலைக்கொரு முளையாக அடித்துக் கயிறு கட்டி அளவு பார்த்தார். வெட்டிப்போட்ட பிறகும் அதனிடம் வேலை வாங்குகிறார்கள்!

மார்ச் 15
வேர் வந்ததா? பிடுங்கிப் பார்த்தேன். இல்லை. திரும்ப நட்டேன்.

மார்ச் 17
மறுபடியும் பிடுங்கினேன். கூடாது. தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தானே. ஆத்திரம் கையை விடவில்லை. பின்னால் அண்ணன்.

"தெனமும் பிடுங்கிப் பாத்தா நான்கூடத்தான் வேர் விட மாட்டேன். செடிப் படிப்புதானே படிச்சே நீ?"

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் திட்டினேன். அவனை, அம்மாவை, என்னை. என்னைத்தான் அதிகம்.

மார்ச் 26
ஆறும் அழுகிவிட்டன. அமுக்கினால் தோல் கழன்று வருகிறது. அம்மா, வேறு செடி வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

கத்திவிட்டேன். "எல்லாத்தையும் வாங்கிக்கோ! ஒரு வார்த்தை கேட்டியா நீ அவனை?"

அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "படிச்சவ நீ. நீ கேப்பேன்னு பாத்துட்டிருந்தேன்."

இந்தக் கோபத்தை இப்போ எங்கே கொண்டுபோய்க் கொட்டறது?

ஏப்ரல் 2
அண்ணனோடு பேசுவதில்லை. அவன் கவனிக்கவே இல்லை. நான் எப்போது பேசினேன், நிறுத்தியது தெரிய?

ஏப்ரல் 19
கார் வந்தது. அண்ணன் அதைப் பின்புறமாகச் சிமெண்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். சிமெண்டுக்கு வெளியே, சுவரோரம், கொத்தனார் பிடுங்காமல் விட்ட முளை ஒன்று. கயிற்றுத் துண்டும் அப்படியே. முடிச்சுக்குக் கீழே பச்சை. குனிந்தேன். இரண்டு தளிர்.

சக்கரம் வந்துகொண்டே இருந்தது. "நிறுத்துண்ணா" என்றேன். அவன் காதில் விழவில்லை. என் காதிலேயே சரியாக விழவில்லை. காரின் முதுகில் ஓங்கி அடித்தேன். "நிறுத்துடா!"

இறங்கினான். புதுப் பெயிண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது இங்கதான் இருக்கும். நீ தள்ளி நிறுத்து."

ஒரு நாள் கேட்டிருந்தால் போதும், தாய்ச்செடியே நின்றிருக்கும். தளிர் வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை. பிடுங்கிப் பார்க்கவில்லை.

ஜூன் 7
கார் கோணலாகத்தான் நிற்கிறது. ஒரு பக்கக் கதவு சுவரில் இடிப்பதால் அண்ணன் மறுபக்கம் ஏறி, முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து உட்காருகிறான். நகரட்டும்.

இன்று முடிச்சை அவிழ்க்கப் போனேன். தண்டு பருத்துக் கயிறு இறுகிவிட்டது. அண்ணனிடம் கத்தி கேட்டேன். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"பாத்து. செடியில பட்டுடப் போகுது."

செடிப் படிப்பு படிச்சவ நான் என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.