கரண்ட் அடித்தால் சக்தி வருமா?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் சுகம். வார்டனுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் திட்டாதீர்கள்.

இன்று விடுதியில் படம் போட்டார்கள். சாதாரண ஆள் திடீரென்று மாவீரன் ஆகிற அதே கதை. "போன தடவை மருந்து குடிச்சான், அதுக்கு முந்தி தலையில கல்லு விழுந்துச்சு. இந்தத் தடவை என்னடி?" என்று, நாங்கள் 'வாத்து' என்று கூப்பிடும் பக்கத்துக் கட்டில்காரி கொட்டாவி விட்டாள். இந்தத் தடவை கரண்ட். கம்பத்தில் ஏறியவனைத் தூக்கியடித்தது, உடனே பறந்துவிட்டான்.

"லூசு, ஃபியூஸைப் பிடுங்கிப் பாக்கெட்ல போடாம ஏறுவானா?" என்று கத்திவிட்டேன்.

"லைன்மேன் பொண்ணே, உக்காருடி!" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் யோசித்தேன். வேறு யாரும் திரும்ப மாட்டிவிடாதபடி ஃபியூஸைப் பாக்கெட்டில் போடாமல் நீங்கள் ஏறவே மாட்டீர்களே, பிறகு போன வாரம் உங்களை எப்படிக் கரண்ட் அடித்தது? அடித்தபோது என்ன தெரிந்தது? படத்தில் அவன் விரல்கள் நீலமாக மின்னின. உங்கள் விரல்கள் இப்போது என்ன நிறம்? "லேசான சூட்டுக் காயம்தான்" என்று அம்மா போனில் சொன்னாள். ஆனால் போனை உங்களிடம் தரவில்லை.

என்னைப் பார்க்க வரும்போது சாக்ஸும் தேங்காய் எண்ணெயும் வேண்டும். பறந்தெல்லாம் வர வேண்டாம், பஸ்ஸில் வந்தால் போதும்.

வார்டன் செருப்புச் சத்தம் கேட்கிறது. பதிலை அம்மாவை எழுதச் சொல்லாதீர்கள் அப்பா. ஒரு வரி போதும், உங்கள் வலது கையால் எழுதுங்கள்.

உங்கள் மகள்