நாற்பது நிமிஷம்

அன்புத் தங்கைக்கு,

"அவரு எதுக்குண்ணா டிரைவரை அப்படி விரட்டினாரு?" என்று நீ கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுகிறேன்.

மாப்பிள்ளை டிரைவரை வேகமாக ஓட்டச் சொல்லி விரட்டியதும், டாக்சி கவிழ்ந்து இறந்ததும் மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். என் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போட்டுக் கொடுத்த நான், "நாப்பது நிமிஷம் போதும் மாப்ளே, காபி குடிச்சிட்டே போகலாம்" என்றேன். ஆகாயத் தூரத்தையே அளந்து பழகிய புத்தி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வளைகுடாவை டாக்சி சுற்றிப் போக இரண்டு மணி நேரமாகும் என்பது உறைக்கவில்லை.

இப்போது விமானம் மாற எவ்வளவு நேரம் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான்கு மணி நேரம் என்கிறேன். சிரிக்கிறார்கள்.

நேற்று கடையில், என் எதிரே காலி நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை கேட்டார்: "எவ்ளோ நேரம் ஆகும் மச்சான்?" இரண்டு மணி நேரம் என்று உரக்கவே சொன்னேன்.

மறுபடியும் கேட்கிறார்.

இதுவரை உன் அண்ணன்