மெல்பர்னில் செல்லாத நீலப் புத்தகம்

அப்பா,

பயணப் பெட்டியில் உங்கள் கிளினிக் நீலப் புத்தகத்தைத் தேட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு தம்போய் போகும் பஸ்ஸில் கவர்மெண்ட் கிளினிக்குக்குப் போகிறேன்.

“நம்ம கவர்மெண்ட் புக்குலா, மெல்பர்ன்ல காட்டினாலும் பிரஷர் மருந்து ஃப்ரீயா குடுப்பாங்க” என்று நேற்றும் சொன்னீர்கள். கொடுக்க மாட்டார்கள். எத்தனை முறை சொல்வது? “படிப்ப விட்டவளுக்கு என்ன தெரியும்” என்றீர்கள்.

மெல்பர்னில் அண்ணன் வீட்டில் ஆறு மாதம் இருக்கப் போகிறீர்கள். கவுண்டரில் வாய் திறக்கவே கூசுகிற நான், இங்குள்ள அப்பாயிண்ட்மெண்டைத் தள்ளிவைக்கச் சொல்லி, அங்கே காட்ட மருந்து விவரம் எழுதிய கடிதமும் டாக்டரிடம் கேட்டு வாங்கி வருகிறேன்.

கத்தரிக்காய்க் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். மேலே உப்பு போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஷர்மினி

பி.கு.: அண்ணன் அனுப்பிய பயணக் காப்புறுதித் தாளில் கையெழுத்துப் போடுங்கள். அங்கே நீங்கள் மயங்கி விழுந்தால், ஓடிவர என்னிடம் பாஸ்போர்ட்கூட இல்லை.