ஜாக்கெட்டின் வலது பை

அன்புள்ள அப்பா,

டிரையருக்குள் ஏதோ ஒன்று உருண்டு உருண்டு மோதிக்கொண்டிருந்தது. டங். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங். கீழ்த்தளத்துச் சலவை அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். மடியில் புத்தகம் திறந்திருந்தது, ஆனால் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டிவிட்டு, பொறுமையாக நின்று பார்த்து, மறுபடி தட்டுவது போல இருந்தது அந்தச் சத்தம். எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்தினேன். சூடான துணிகளின் மணம் முகத்தில் வந்து மோதியது. உங்கள் நீல ஜாக்கெட்டின் வலது பைக்குள் கையை விட்டதுமே தெரிந்துவிட்டது. கல். நன்றாகச் சுட்டது. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

குளிர்காலத் துணிகளையெல்லாம் துவைத்து யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நாங்கள் திருச்சிக்குக் கிளம்புகிறோம். உங்கள் வேலையை வைத்துத்தான் எங்களுக்கு இங்கே விசா. பனி உருகுவதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள்; இப்போது விசாவும் போகிறது. பிளெய்ன்ஸ்பரோவில் நான் இனிமேல் பார்க்கப்போவது ஒரு கோடைக்காலத்தின் தொடக்கம் மட்டும்தான்.

இதைத் தமிழில் எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். நீங்கள் தமிழில் கேட்பீர்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அப்படியேதான் நூலகத்துக்கு நடந்து போவோம், இரண்டு மொழிகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருவது போல. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றதெல்லாம் இந்த ஒரு மடலுக்காகத்தானோ என்று இன்று தோன்றுகிறது.

அந்த நடையை நினைத்துக்கொள்கிறேன். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடத்து இலையுதிர்காலம், 2005. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, ஒரு காபி குடித்துவிட்டு, "கெளம்பலாமா பாப்பா?" என்பீர்கள். நம் குடியிருப்புக்குப் பின்னால் புல்வெளி, அதைத் தாண்டினால் குளம், குளத்தைச் சுற்றிக்கொண்டு போனால் நூலகம். மாலையில் குளத்தின் மேல் மெல்லிய புகை மாதிரி ஏதோ மிதக்கும். மேப்பிள் இலைகள் விழும் சத்தம்கூடக் கேட்கும். நான் முந்தின நாள் படித்த கதையைச் சொல்லிக்கொண்டே வருவேன். நீங்கள் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வந்து, திடீரென்று, "அந்தப் பொண்ணு ஏன் பொய் சொன்னா?" என்று நான் யோசிக்காத ஒன்றைக் கேட்பீர்கள். குளத்தின் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது கதையும் முடிந்திருக்கும்.

ஒருநாள் புல்வெளியின் மறுகோடியிலிருந்து அது வந்தது. மஞ்சள் நிறம், பெரிய உடம்பு, காதுகள் இரண்டும் பறக்க, தரையில் கால் படாமல் மிதந்து வருவது போல நேராக நம்மை நோக்கி. கழுத்தில் பட்டை இருந்தது, கயிறு இல்லை. நீங்கள் என்னை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டென்று குனிந்து தரையில் கையை வைத்தீர்கள். என்ன தேடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கம்பளம் விரித்த மாதிரிப் புல், ஒரு பொடிக்கல்கூட இல்லை. வெறுங்கையை ஓங்கிக்கொண்டு, "ச்சூ! போ!" என்று கத்தினீர்கள்.

அது உடனே திரும்பிப் பறந்தது.

"பாத்தியா? ஓடிடுச்சு. கல்லை எடுக்கிற மாதிரி குனிஞ்சா போதும், உலகத்துல எந்த நாயும் நிக்காது" என்றீர்கள், மூச்சு வாங்கிக்கொண்டே.

ஆனால் அது கொஞ்ச தூரம் ஓடி நின்றது. வானத்தைப் பார்த்தது. புல்லை முகர்ந்து பார்த்தது. பிறகு நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னைவிட வேகமாக வந்தது. நீங்கள் மறுபடி குனிந்தீர்கள். அதுவும் உங்கள் எதிரில் முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டியது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வது போல இருந்தது.

தூரத்திலிருந்து சிவப்புத் தொப்பி போட்ட பெண்மணி ஒருவர் ஓடி வந்தார். "ஹி இஸ் ஃப்ரெண்ட்லி! ஹி திங்க்ஸ் யூ ஹேவ் எ பால்!"

"அப்பா, நீங்க பந்து வெச்சிருக்கீங்கன்னு நெனக்குதாம்" என்றேன். பதற்றத்தில் எனக்கும் தமிழ் வந்துவிட்டது.

"எங்கிட்ட கல்லே இல்ல. பந்துக்கு எங்க போறது?" என்றீர்கள். சிரிக்கத்தான் பார்த்தீர்கள். ஆனால் நூலகம் வரும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து காரில் போகத் தொடங்கினோம். "குளிருது பாப்பா" என்றீர்கள். அப்படி ஒன்றும் குளிரவில்லை. காரில் ஏறி, பெல்ட் போட்டு, கதையில் வரும் பெண்ணின் பெயரைச் சொல்வதற்குள் நூலகம் வந்துவிடும். திரும்பும்போது உங்கள் ஆபீஸிலிருந்து போன் வரும். நம் கதைகளெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே நின்றுபோயின. எனக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. நூலகம் அப்படியேதான் இருந்தது. நீங்கள் கேட்காத கதையை மட்டும் எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை.

கீழ்வீட்டு சேகர் அங்கிள் சாப்பிட வந்த அன்று இந்தப் பேச்சு வந்தது.

"எதுக்கு சார் பயந்துக்கிட்டு? கயிறு இல்லாம நாயை விடக்கூடாதுன்னு கொளத்துக்கிட்ட போர்டே இருக்கு. லீசிங் ஆபீஸ்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் பண்ணுங்க. ஃபைன் போட்டு தாளிச்சுடுவான்."

"பயம்னு யார் சொன்னா? குளிர்."

"ஆமாமா" என்றாள் அம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "நாய் பேரைச் சொன்னா மட்டும் இவருக்குக் குளிரும்."

நான் சேகர் அங்கிள் பக்கம்தான். அந்தப் போர்டை எத்தனையோ தடவை சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். விதி என்றால் விதி. ஆனால் நீங்கள் குடியிருப்பு ஆபீஸில் போய்ப் புகார் செய்யவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "அந்தம்மா பாவம்யா. தனியா வருது" என்று மட்டும் சொன்னீர்கள்.

அதற்கப்புறம் ஒருநாள் நூலக வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தீர்கள். "அப்புறம் என்னாச்சு? அவ அந்தத் தீவுலேர்ந்து தப்பிச்சாளா?" என்றீர்கள். நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிக்கும்போது உள்ளே விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் எடுக்காமலே திரும்பினோம். மறுநாள் ரயிலிலிருந்து வந்ததும் நேராக நடக்கிற ஷூவைத் தேடினீர்கள்.

"நடந்தே போலாம் பாப்பா. கார்ல கதை பத்தல."

குளத்தின் ஓரத்தில் அழகுக்காகக் கொட்டியிருந்த கூழாங்கற்களில் ஒன்றை எடுத்து ஜாக்கெட்டின் வலது பையில் போட்டுக்கொண்டீர்கள். கையையும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். அது வந்தது. நீங்கள் குனியவில்லை, அசையவில்லை. அது உங்கள் முன்னால் உட்கார்ந்து, பைக்குள் இருந்த கையையே பார்த்தது. எறிகிற ஆள் இவர்தான் என்று அது ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. சிவப்புத் தொப்பிக்காரர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டு, கயிற்றை மாட்டிக் கூட்டிப் போனார். நாயின் பெயர் பிஸ்கட் என்றும் தன் பெயர் கேரல் என்றும் சொன்னார்.

"நாய்க்குத்தான் பிஸ்கட் போடுவாங்க. நாய்க்கே பிஸ்கட்னு பேர் வெப்பாங்களா?" என்று நூலகம் வரும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னீர்கள். என் வயதில், டியூஷன் முடிந்து வரும்போது உறையூர்த் தெருமுனையில் உங்களைக் கடித்த நாய். கெண்டைக்காலில் அந்த வடு. ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து தொப்புளைச் சுற்றிப் போட்டுக்கொண்ட ஊசிகள். "இப்பவும் நாயைப் பாத்தா வயிறுதான் மொதல்ல சுருங்கும்" என்றீர்கள். அப்பாக்களுக்கும் வயிறு சுருங்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததும் உங்கள் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நம்மைத் தூரத்தில் கண்டாலே கேரல் கயிற்றை மாட்டிவிடுவார். பிஸ்கட் புல்லில் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, நாம் போகிற வரைக்கும் உங்கள் பையையே பார்த்துக்கொண்டிருக்கும். நாம் குளத்தைப் பாதி சுற்றிய பிறகும் அந்த மஞ்சள் உருவம் அப்படியே கிடக்கும். நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பீர்கள்.

ஒரு மாலை, நீங்களாகவே அவரிடம் போய், "லெட் ஹிம் ரன். இட்ஸ் ஓகே" என்றீர்கள். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

"அப்பா, போர்டு?" என்றேன் நான்.

"போர்டு சரிதான் பாப்பா. என்னை மாதிரி ஆளுக்காகத்தான் வெச்சிருக்கான். கட்டிப் போட்டதுல என் பயம் போகல. அதோட ஓட்டம்தான் போச்சு."

கேரல் தன் பையிலிருந்து பழைய டென்னிஸ் பந்து ஒன்றை உங்களிடம் கொடுத்தார். எச்சில் ஈரம் பட்ட பந்து. முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு விரலால் வாங்கி எறிந்தீர்கள். அப்பா, அவ்வளவு மோசமாக யாரும் பந்து எறிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்திலேயே பொத்தென்று விழுந்தது. பிஸ்கட் ஏமாற்றமே இல்லாமல் அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது.

அந்தப் பந்து அப்புறம் நம்முடையதாகிவிட்டது. இடது பையில் பந்து, வலது பையில் கல். மூன்று நான்கு குளிர்காலங்கள் வந்தன, போயின, குளம் உறைந்து உருகியது, வாத்துகள் திரும்பி வந்தன. நீங்கள் நன்றாகவே எறியப் பழகிவிட்டீர்கள். மூடுபனி இறங்கிய மாலைகளில் பந்து பனிக்குள் போய் மறையும், பிஸ்கட்டும் அதன் பின்னால் போய் மறையும். எங்கோ ரயில் கூவும். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு நாம் இருவரும் வெள்ளையான அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு அதற்குள்ளிருந்து முதலில் மூச்சுச் சத்தம் வரும், அப்புறம் மூக்கு, அப்புறம் நாய். அது திரும்பி வரும்போதெல்லாம் நீங்கள் ஒரு கணம் வலது பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள்.

"இன்னும் எதுக்கு அந்தக் கல்லு?" என்று கேட்டேன்.

"பந்து அவனுக்கு" என்றீர்கள். "கல்லு எனக்கு."

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம், நேற்று நான் அங்கே போனேன். நீங்கள் போன பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. சேகர் அங்கிள்தான் காரில் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். எனக்கு நாயிடம் பயமில்லை. உங்கள் காலடி இல்லாத அந்தப் பாதையிடம்தான் பயம். ஆனால் கையில் சூடாக அந்தக் கல் இருந்தது. டிரையரிலிருந்து எடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டேன். அதன் கைகள் என் விரல்களைத் தாண்டித் தொங்கின. கடைசிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, "நடந்து போய்ட்டு வரேன்" என்றேன். அம்மா ஜாக்கெட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "இருட்டறதுக்குள்ள வந்துடு" என்றாள்.

பிஸ்கட்டுக்கு வயதாகிவிட்டது அப்பா. முகவாய் வெளுத்துவிட்டது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. என் இடது பைக்குள் மூக்கை விட்டது. ஒன்றுமில்லை. ஜாக்கெட்டை மேலும் கீழும் முகர்ந்தது. துவைத்த பிறகும் உங்கள் வாசனை இருந்ததோ என்னவோ, பிறகு என்னைத் தாண்டி, நான் வந்த பாதையையே பார்த்துக்கொண்டு நின்றது. வெகுநேரம் பார்த்தது.

"வேர் இஸ் யுவர் டாட்?" என்றார் கேரல்.

ஆங்கிலத்தில்தான் நான் எப்போதும் பேசுவேன். நேற்று எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கேரல் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என் இடது பையில் போட்டார்.

நான் குனிந்தேன். தரையில் கை பட்டது, ஈரப் புல். பிஸ்கட் பாதையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தது. மெதுவாக இரண்டடி பின்னால் நகர்ந்து, வலிக்கிற முன்னங்கால்களை நீட்டிக் குனிந்து, காத்திருந்தது. நான் எறிந்தேன். உங்களைப் போலவே எறிந்தேன், பக்கத்திலேயே பொத்தென்று. அதற்கு அந்தத் தூரமே இப்போது போதுமானதாக இருந்தது.

நூலகத்தில் புத்தகங்களைக் கொடுத்துவிட்டு, வரும் வழியெல்லாம் கடைசிப் புத்தகத்தின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மெதுவாக, வாய்க்குள்ளேயே. வீடு வரும்போது சரியாக முடிந்தது.

அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கல்லை அவளிடம் காட்டி, இது எனக்கு வேண்டும் என்றேன்.

"கல்லைக் கட்டிட்டா ஊருக்குப் போவாங்க? திருச்சியில கல்லுக்கா பஞ்சம்?" என்றாள். சொல்லிக்கொண்டே கையை நீட்டி வாங்கினாள். கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றித் தரச் சொல்லி, வலது பையில் அதைப் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, "அந்த வெயில்ல இதை யாரு போட்டுக்கப்போறா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியின் அடியில் வைத்தாள்.

நாங்கள் போகிற தெருவில் எந்த நாய்க்கும் கயிறு கிடையாது. குனிந்தால் போதும், எல்லாம் ஓடிவிடும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் குனியப்போவதில்லை அப்பா. வயிறு சுருங்கினால் சுருங்கட்டும், நின்று பார்க்கிறேன். இடது பையில் பந்து வைத்திருப்பேன், அந்தத் தெருவிலும் ஒன்றாவது ஓடாமல் நின்று பார்க்கக்கூடும் அல்லவா?

கல் வலது பையில் இருக்கும். அது எனக்கு.

உங்கள்
பாப்பா