ஆறு வண்டியிலும் குற்றம்

செம்பூர்,
செவ்வாய், காலை 8.20

அகிலாண்டம்,

நீ கோவிலிலிருந்து வருவதற்குள் கிளம்புகிறேன். பாலைக் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு ஷோரூம்காரர் வருவார். புது வண்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடு.

கோபப்படாமல் மேலே படி. "ஆறு வண்டி பாத்தாச்சு, ஆறுலயும் குத்தம்! அந்தத் தகரத்தையே கட்டிண்டு அழுங்கோ" என்று நேற்றுக் கத்தினாயே, குற்றம் வண்டிகளில் இல்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை.

நேற்று டயமண்ட் கார்டன் பக்கம் ஆறாவது வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இடப்பக்கமிருந்து குறுக்கே வந்தாள். எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்த ஷோரூம்காரர் "அங்கிள், ரோக்கோ! ரோக்கோ!" என்று நிறுத்தச் சொல்லி அலறி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒரு முழம்தான் மிச்சம்.

நம் பழைய வண்டியை இத்தனை நாளும் பதினேழு வருஷப் பழக்கத்தில்தான் ஓட்டியிருக்கிறேன், கண்ணால் அல்ல. அதுவும் உன்னையும் நம் பெண் வந்தனாவின் குழந்தையையும் உட்கார வைத்துக்கொண்டு.

மாதுங்கா கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரயிலில்தான்.

பத்ரி

பி.கு: கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை மங்கலாக இருக்குமாம். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. டாக்டர் சொல்லப்போவதைத் தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. பழைய வண்டியின் சாவி இந்தச் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எங்காவது ஒளித்து வை. நான் எவ்வளவு கெஞ்சினாலும் எங்கே என்று சொல்லாதே.