காரணம் எழுத ஒரு கட்டம்

ஆகஸ்ட் 12, திங்கள்

கரடி, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். ஊருக்குத்தான் நீ வென்டல், எனக்குக் கரடி. முதல் பக்கத்தில் நீ வண்டிக்கு ஆயில் மாற்றிய தேதிகள் இருக்கின்றன. அதைக் கிழிக்கவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், சிரிக்காதே.

இன்று கெல்சி ஆபீசுக்குக் கூப்பிட்டாள். வராத நாளுக்குப் போடும் புள்ளி ஏதோ ஏறிவிட்டது என்று பயந்துகொண்டே போனேன். அது இல்லை. நம் அலமாரிக் கம்பெனி முழுவதுக்கும் ஒரு மென்பொருள் வாங்கப் போகிறார்களாம். வருகை, லீவு, யார் நல்லா வேலை செய்கிறார், யாரை மேலே தூக்கலாம், யாரை அனுப்பலாம், எல்லாம் அதற்குள்ளேயே. எதை வாங்குவது என்று மூன்று பேர் முடிவு செய்ய வேண்டும். ஆள் எடுக்கும் ஆபீசிலிருந்து கெல்சி, மேஸ்திரி டுவேன், பட்டறையிலிருந்து ஒருவர். அந்த ஒருவர் நான்.

"எனக்கு கம்ப்யூட்டரே தெரியாதும்மா" என்றேன்.

"அதனாலதான் வெர்லா. உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும். அதோட, இப்ப நீங்க சொன்னா யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க."

இப்ப என்றால் நீ போன பிறகு என்று அர்த்தம்.

மதியம் ரோண்டாவிடம் சொன்னேன். பேக்கிங்கில் மூன்றாம் மேசைதான் இன்னும் அவளுக்கு. சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, "புருஷன் செத்தா பதவி குடுக்கிறாங்களாடி? தெரிஞ்சிருந்தா என்னோடத எப்பவோ அனுப்பியிருப்பேனே" என்றாள். மேசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவை.

ஆகஸ்ட் 15

உன் சட்டையைத் துவைத்துவிட்டேன். துவைத்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 26, திங்கள்

பட்டறைக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். ஆளுக்கு ஆள் வந்து அதையேதான் சொல்கிறார்கள். வராத நாளுக்குப் பக்கத்தில் ஏன் வரவில்லை என்று எழுத ஒரு இடம் வேண்டும்.

டுவேனின் நோட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும் என்பது சட்டம். ஆனால் அந்த மனுஷன் புள்ளி போடுவதற்கு முன்னால் காரணத்தை எழுதுவான். "பிள்ளைக்குக் காய்ச்சல்." "பாலத்தில் பனி." எழுதிவிட்டால் அது புள்ளி ஆகாது. நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்குகிற சனிக்கிழமை பாதிப் பட்டறைக்கு "வயிற்றுவலி" என்று எழுதிவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இறைச்சி வாங்கிக்கொள்வான். நீயும் கொடுத்திருக்கிறாய். போன நவம்பரில் கூட.

ரோண்டா சொன்னாள், "மெஷினுக்கு மான்கறி பிடிக்குமான்னு கேட்டுட்டு வாங்குடி."

செப்டம்பர் 10, செவ்வாய்

முதல் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். திரை முழுக்கப் பச்சை. அதனால் இதற்குப் பச்சை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

பச்சையில் அந்த இடம் இருக்கிறது. வராத நாளைத் தொட்டால் ஒரு கட்டம் திறக்கிறது, மேஸ்திரி அதில் எழுதலாம். டுவேன் இரண்டு விரலால் எழுதிப் பார்த்தான், "வயிற்றுவலி" என்று. எழுத்தைத் தேடித் தேடி நாலு நிமிஷம் ஆனது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பழைய கதையெல்லாம் கொண்டுவர மாட்டார்களாம். இப்போது வேலையில் இருப்பவர்கள் மட்டும். "பழைய குப்பையை விட்டுட்டு சுத்தமா ஆரம்பிக்கலாம்" என்று விற்க வந்த பெண் சொன்னாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

இரண்டாவது கம்பெனி. நீலம். விற்க வந்தவன் பேர் பிரென்ட், சின்ன வயசு, பல் ரொம்ப வெள்ளை. நம் கம்பெனியின் நிஜப் பட்டியலையே கெல்சியிடம் வாங்கி அதற்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். பழையவர்கள், போனவர்கள், எல்லாரும் உள்ளே.

நீலத்தில் காரணக் கட்டம் கிடையாது. டுவேன் கேட்டான். பிரென்ட் சிரித்தான். "காரணம்னு ஒண்ணு வந்தா கருணையும் வந்துடும் சார். ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயம்னு ஆயிடும். இது எல்லாருக்கும் ஒரே கணக்கு." போன ஒரு வருஷத்தில் யார் யார் வராமல் இருந்தார்களோ அதெல்லாமும் ஏறிவிடுமாம். எட்டு சேர்ந்தால் மெஷினே கடிதம் அனுப்பிவிடும். கெல்சி இதைக் கேட்டுத் தலையாட்டினாள். யாரும் அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழ வேண்டியதில்லையே.

அப்புறம் அவன், "விட்டுப் போனவங்களையும் இது மறக்காது, ஒரு உதாரணம் பாருங்க" என்று கண்ணை மூடாத குறையாக ஏதோ ஒரு பேரைத் தொட்டான்.

நீ வந்தாய், கரடி.

புருவத்தில் மரத்தூள். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோது நான் கேமராவுக்குப் பின்னால் நின்று உன் அம்மா மாதிரி உதட்டைச் சுழித்துக் காட்டினேனே, அந்தச் சிரிப்பு. அந்தப் படம் என்னிடம் இல்லை. படத்துக்குக் கீழே நீ அட்டையைத் தேய்த்த நேரங்கள். 5.48. 5.48. 5.47. 5.48. இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு காலையும் எனக்கு முன்னால் நீ தேய்ப்பாய், உன் முதுகில் முட்டிக்கொண்டு நான் தேய்ப்பேன். அத்தனை காலையும் அங்கே இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை.

கெல்சியின் முகம் வெளுத்துவிட்டது. டுவேன் தன் பூட்ஸைப் பார்த்தான். பிரென்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இவரு மார்ச்ல போயிருக்காரு. காரணம் போடல. இவரு எப்படிப்பட்ட ஆளுங்க? மறுபடி எடுத்துக்கலாமா, வேண்டாமா? இங்க ஒரு கேள்வி காலியா இருக்கு பாருங்க" என்று என் பக்கம் திரும்பினான்.

செத்துட்டாருன்னு சொல்லியிருக்கணும். சொன்னா உடனே உன்னை அழிச்சிடுவாங்களோன்னு வாய் வரல.

"எடுத்துக்கலாம்" என்றேன்.

அவன் 'ஆம்' என்பதைத் தொட்டான். ஒரு சின்ன நீல நட்சத்திரம் உன் பேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

செப்டம்பர் 18

கெல்சி நடையில் என்னைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "நீலத்தை எடுத்தா அவரு பக்கம் அப்படியே இருக்கும் வெர்லா. எப்பவும்" என்றாள். தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஓட்டுப் போட்டோம். மடித்த காகிதம், டுவேனின் தொப்பியில். கெல்சி நீலம், அவள் ஒளிக்கவில்லை. டுவேன் பச்சை என்பது ஊருக்கே தெரியும்.

ரோண்டாவைப் பற்றி எனக்கு அப்போது நினைப்பே வரவில்லை என்று எழுத வந்தேன். பொய். நினைத்தேன். பதினோரு மதியம் அவள் அரை நாள் விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தாள், நெடுஞ்சாலையில் எனக்குக் கை நடுங்கும் என்று. டுவேனின் நோட்டில் பதினோரு தடவை எழுதியிருக்கிறது, "வென்டலைப் பார்க்க." அதெல்லாம் நீலத்தில் அரை அரைப் புள்ளி. எனக்குப் புருஷனைப் பார்க்க லீவு கொடுத்தார்கள், அவளுக்கு அது இல்லை. நினைத்தேன், நினைத்துக்கொண்டே "நீலம்" என்று எழுதினேன். எழுத்து கூட நடுங்கவில்லை.

செப்டம்பர் 25

மேசையில் கேட்டார்கள். "ரெண்டு நீலம், ஒரு பச்சை" என்று மட்டும் சொன்னேன். உண்மைதானே. ரோண்டா உடனே, "அந்த டுவேன் கிழவன் ஆபீஸ்காரங்ககிட்ட விலை போயிட்டான். நீ ஒருத்தி என்னடி பண்ணுவ, பாவம்" என்று தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என் பக்கம் தள்ளினாள்.

தின்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

டுவேனின் காபியில் யாரோ மரத்தூள் போட்டிருக்கிறார்கள். முழுசாகக் குடித்த பிறகுதான் அடியில் பார்த்திருக்கிறான். அவனோடு யாரும் உட்காருவதில்லை. மூன்றாம் மேசையில் அவனுக்கு "யூதாஸ்" என்று பேர். வைத்தது ரோண்டா.

நேராக என்னிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"நோட்டை இன்னிக்கு கெல்சி வாங்கிட்டுப் போயிட்டா. தேதியை மட்டும் மெஷின்ல அடிச்சா. காரணத்தை அடிக்க இடம் இல்லையாம்." தொப்பியைக் கழற்றினான். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், வெர்லா. உனக்காக இல்ல. வென்டலுக்காக."

உனக்காகவாம். நீ இருந்திருந்தால் அவனுக்குப் பதில் சொல்லியிருப்பாய். எனக்குத்தான் என்ன சொல்லியிருப்பாய்?

நவம்பர் 4, திங்கள்

இன்றிலிருந்து நீலம். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். எல்லாரும் போன பிறகு நின்று உன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.

"இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை."

மறுபடி அடித்தேன். அதே.

கெல்சியிடம் போனேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள், "தொழிலாளிங்க அவங்கவங்க பக்கத்தை மட்டும்தான் பார்க்க முடியும் வெர்லா. அவரு பக்கம் பத்திரமாத்தான் இருக்கு."

"ஒரு தடவை திருப்பிக் காட்டும்மா. நிக்கக்கூட மாட்டேன்."

"ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும்னு ஆயிடும்."

பிரென்ட் பேசின அதே பேச்சு. எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாள்.

நவம்பர் 16, சனி

மான் வேட்டை தொடங்கியாயிற்று. ஓவர்டைமுக்குப் பதினாலு பேர் வரவில்லை. வயிற்றுவலி யாருக்கும் இல்லை, எல்லாருக்கும் புள்ளிதான். நம் சமையலறை ஜன்னல் வரைக்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

நேற்று பாலத்தில் பனி, ரோண்டா ஒன்பது நிமிஷம் தாமதம். அது அரைப் புள்ளி. பழையதோடு சேர்த்து எட்டு நிறைந்துவிட்டது.

இன்று காலை அவள் அட்டை கதவைத் திறக்கவில்லை. எனக்கு முன்னால் நின்று தேய்த்துக்கொண்டே இருந்தாள், மறுபடி மறுபடி. "என் முகரையே அதுக்குப் பிடிக்கல போலடி" என்று சிரித்தாள். பிறகு அவள் போன் கூவியது. கடிதம். கீழே தேதிகளின் பட்டியல். பிப்ரவரி 5, பிப்ரவரி 7, பிப்ரவரி 12. அவள் படிக்கப் படிக்க எனக்குத் தெரிந்தது எந்தெந்த மதியங்கள் என்று.

அப்போதுகூட அவள் என்னைத் திட்டவில்லை. என் பேரைச் சொல்லிக்கொண்டு கெல்சியின் ஆபீசுக்குப் போனாள். "வெர்லாவைக் கேளுங்க, அந்த நாளெல்லாம் நான் எங்க இருந்தேன்னு அவ சொல்லுவா, அவளும்தான் இது வேண்டாம்னு ஓட்டுப் போட்டா" என்று. கெல்சிக்கு அவளை வெளியே அனுப்ப வேண்டும். நான் எதற்கு ஓட்டுப் போட்டேன் என்ற உண்மையைச் சொல்லி அனுப்பினாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். பனியில், கோட்டுக்குப் பட்டன்கூடப் போடாமல்.

"பதினோரு மதியம்டி" என்றாள்.

நான் அவள் கோட்டுப் பட்டனைப் போட்டுவிடக் கை நீட்டினேன்.

"அவன் வாந்தி எடுத்த பக்கெட்டை நான் கழுவினேன். நீ மூக்கைப் பொத்திக்கிட்டு நடையில நின்ன. ஞாபகம் இருக்கா? அவன் என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா?"

என்ன சொன்னான் என்று கேட்டேன். கெஞ்சினேன், கரடி. அவள் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினாள்.

என்ன சொன்னே? அவகிட்ட என்ன சொன்னே நீ? என்கிட்ட சொல்லாதத?

நவம்பர் 20

மேசைக்காரர்கள் எழுந்து டுவேனின் மேசைக்குப் போய்விட்டார்கள். தூள் போட்டவன்தான் அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தான்.

நவம்பர் 28

நன்றி சொல்லும் நாள், வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. யாரும் கூப்பிடவில்லை. டப்பா சூப்.

டிசம்பர் 17

ரோண்டா வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் கதவைத் திறந்து, "அவ தூங்கறா" என்றான். உள்ளே அவள் யாரோடோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டோம். பிறகு அவன் கதவைச் சாத்தினான்.

ஜனவரி 9, வியாழன்

கம்பெனியில் ஆளே இல்லை. மான் நாளில் வேலை போனவர்கள், பனியில் வேலை போனவர்கள். மூன்றாம் மேசை காலியாகவே கிடக்கிறது. பழைய நல்ல ஆட்களை மெஷினே தேடிப் பிடித்துக் கூப்பிடுமாம், கெல்சி திரையில் அறிவிப்புப் போட்டிருந்தாள். படித்துவிட்டுச் சும்மா வந்துவிட்டேன். எனக்குத் தோன்றவே இல்லை.

வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றும்போது சமையல் மேடையில் உன் போன் கூவியது. தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வைக்கிறேன், ஏன் என்று கேட்காதே. பத்து மாசத்தில் அது கூவியதே இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நீதான் கூப்பிடுகிறாய் என்று ஓடினேன்.

"வணக்கம் வென்டல். உங்களை நாங்கள் மறக்கவில்லை. உங்களைப் போன்ற ஒருவருக்காக ஓர் இடம் காத்திருக்கிறது. பேக்கிங், மூன்றாம் மேசை, பகல் ஷிப்ட், காலை 6 மணி. திங்கட்கிழமை வருகிறீர்களா?"

மேலே உன் படம். அந்தச் சிரிப்பு. புருவத்தில் மரத்தூள். யாரும் எனக்குக் காட்டாததை அதுவே அனுப்பியிருக்கிறது.

கீழே இரண்டு கட்டம். ஆம். வேண்டாம். காரணம் எழுத இடம் இல்லை, எங்கேயும் தேடிப் பார்த்துவிட்டேன்.

வேண்டாம் என்று தொட்டால் அந்த நட்சத்திரத்தை எடுத்துவிடும், உன்னையும் எடுத்துவிடலாம். ஆம் என்று தொட்டால் திங்கட்கிழமை ரோண்டாவின் இடத்தில் நீ வரவில்லை என்று முதல் புள்ளி விழும். மறுநாள் ஒன்று. எட்டு நாளில் உன்னை அனுப்பிவிடும், கடிதம் இந்தப் போனுக்கே வரும், நானே படிப்பேன்.

உன்னைத்தான் கேட்கிறது. எதைத் தொடட்டும், கரடி?